பின்பக்க இடது கதவு

எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், வேலை செய்யும் இடத்தில் டேப்பில் எழுதி ஒட்டுகிற எண்களும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிற ஒருத்தி, முன்பின் தெரியாதவர்கள் படிப்பதற்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் அம்மாவிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக அது உள்ளேயே கிடக்கிறது. வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையத்துக்கு இந்தப் பக்கம், கார் டீட்டெய்லிங் செய்கிற கடையில் எனக்கு வேலை. சொந்தக்காரர்கள், “கார் கழுவுற எடமா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் நீளும். கழுவுவது முதல் இரண்டு மணி நேரம்தான். அதற்குப் பிறகு வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்தி, பெரிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், வெளியில் பளபளவென்று தெரிந்த வண்டியின் மேல் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். அழுக்குத் துணியால் வருடக்கணக்கில் துடைத்த கோடுகள். பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதை மெஷின் வைத்துத் துளியளவு தேய்த்து எடுத்தால் கோடுகள் போய்விடும். பிறகு செராமிக் கோட்டிங் என்கிற திரவத்தைத் தடவி, காய விட்டு, துடைத்து எடுப்போம். வெயிலும் பறவை எச்சமும் பெயிண்டைத் தொடாமல் அது காக்கும்.

அதற்கு முன்னால் நான் ஒரு பம்புசெட் மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். மெல்லிய செம்புக் கம்பி. கை நடுங்காது என்று பெயர் வாங்கியிருந்தேன். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது, இந்தக் கடைக்காரத் தம்பி என் கையைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். டேப் ஒட்டுவது, சீட்டைச் சுத்தம் செய்வது, கோட்டிங்கைத் துடைப்பது என் வேலை. ஒரு வருடம் கழித்து மீட்டரையும் என் கையில் கொடுத்தார்.

மீட்டரைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது. ஒரு செல்போன் அளவுதான் இருக்கும். அதன் மூக்கைப் பெயிண்டின் மேல் வைத்தால், பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று எண் வரும். புது வண்டியில் நூறு, நூற்றிருபது இருக்கும். ஏற்கெனவே யாராவது அதிகம் தேய்த்திருந்தால் எழுபது, எண்பது என்று குறையும். அங்கே மெஷினை அழுத்தினால் பெயிண்ட் கருகிவிடும். அதனால் மெஷின் வைப்பதற்கு முன் பானெட், கூரை, டிக்கி, நாலு கதவு, நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற தகடு என்று ஒவ்வொரு பாகத்திலும் ஐந்து இடத்தில் அளக்க வேண்டும். எங்கள் கடையில், அளக்கிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். மெஷின் பிடிக்கிற அண்ணன் அந்தப் பக்கம் பஞ்சுச் சக்கரத்தைத் தயார் செய்துகொண்டே அதைக் கேட்டு, எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று மனதில் வைத்துக்கொள்வார். பிறகு நான் எண்ணை டேப்பில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டுவேன்.

அந்த அண்ணன் என்னைக் கிண்டல் செய்வார். “அக்கா பஸ்சுல டிக்கெட் கேட்டா கண்டக்டருக்கே காதுல விழுகாது. மீட்டரைக் கையில குடுத்தா மட்டும் துடியலூர் வரைக்கும் கேக்குது.”

உண்மைதான். என் சொந்தப் பேச்சு என்றால் குரல் தொண்டைக்குள் போய்விடும். எண் என்றால் அது என் பேச்சு இல்லை, மீட்டரின் பேச்சு. யாரும் மறுக்க முடியாது. அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அம்மா வந்தது ஒரு சித்திரை மாதம். அடர் சிவப்பு வண்டி. கேட்டுக்குள் நுழைந்து, பின்னாலேயே எடுத்து, இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரே தடவையில் நிறுத்தினார்கள். ஓட்டியது அந்த அம்மாதான். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம். சீட்டை முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தார். பக்கத்தில் கணவர். வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர். இறங்கியதும் கடைக்காரத் தம்பியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“அம்மணி ஊரெல்லாம் வெயில்லயே நிறுத்தறாளுங்க. பெயிண்டு வெளுத்துப் போயிருமல்லங்க? அதான் கோட்டிங் போட்டுட்டா நிம்மதியா ஓட்டட்டும்னு கூட்டியாந்தேன்.”

அவர் தம்பியோடு உள்ளே போனார். அந்த அம்மா டிக்கியைத் திறந்து பெட்ஷீட் கட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். நான் ஒரு கை பிடித்தேன்.

“ஏனுங்க்கா, நீங்களும் இங்கதான் வேலைங்களா?”

“ஆமாங்க.”

“நல்லாருக்குதுங்க. நானும் இந்த வண்டி வந்தப்பறம்தானுங்க மனுசியானேன். எங்கம்மா ஊடு சென்னிமலைங்க. அங்கிருந்து பெட்ஷீட்டு எடுத்தாந்து லாட்ஜு, ஹாஸ்டல்னு போடறேன். முந்தி எல்லாம் பஸ்சுல மூட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, ஏறதுக்குள்ள கண்டக்டர்கிட்ட நாலு பேச்சு வாங்கோணும். நாப்பத்தஞ்சு வயசுல வண்டி பழகுனனுங்க. சொல்லிக் குடுத்தவரு மூணாம் நாளே தலைவலி மாத்திரையோடதான் வந்தாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைக் குடுத்துரோணும்னு சொல்லித்தானுங்க அவரு ஓட்டவே உட்டாரு. அந்தப் பேச்சுலதான் ஓடுது.” டிக்கியை மூடினார். “அக்கா, அந்தப் பொறகால, எடது பக்கக் கதவு இருக்குதல்லங்க, அதுக்கு மெஷினெல்லாம் வேண்டாமுங்க. சும்மா தொடைச்சு உட்டாப் போதும்.”

நான் என்ன நினைத்தேன் என்றால், மெஷின் பட்டுக் கீறல் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். நிறையப் பேர் அப்படிப் பயப்படுவார்கள்.

“பயப்படாதீங்க. அதுக்குத்தான் மொதல்ல அளக்கறமுங்க. அந்தக் கதவை நானே நல்லாப் பாத்து அளக்கறேன்.”

“அளக்கறதுன்னா?”

அதற்குள் அவர் கணவர் தேநீர் கிளாஸோடு வெளியே வந்துவிட்டார். அந்த அம்மா கட்டிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவி என் கையில் திணித்து, “ஊட்டுக்கு வெச்சுக்கங்க” என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஏன் ஒரு கதவை மட்டும் சொன்னார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாலு கதவு இருக்கிற வண்டியில் ஒருத்தர் ஒரு கதவை மட்டும் குறித்துச் சொன்னால், அதற்குக் காரணம் இருக்கும். ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. என் மனதில் பதிந்ததெல்லாம், அந்தக் கதவை அதிகக் கவனமாக அளக்க வேண்டும் என்பதுதான்.

வண்டியைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். அந்த அம்மாவே அதை விளக்குக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கணவர் நின்றார். நல்ல மனிதர். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த அம்மா தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

நான் பானெட்டில் ஆரம்பித்தேன். “நூத்திப் பன்னெண்டு. நூத்திப் பத்து. நூத்திப் பதினஞ்சு.” கூரை. வலது பக்கக் கதவுகள். எல்லாம் நூற்றுப் பத்தைச் சுற்றியே இருந்தன. டிக்கியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன். பின்கதவின் நடுவில் மீட்டரை வைத்தேன்.

“அறுநூத்தி இருவது.”

மெஷின் அண்ணன் தலையைத் தூக்கினார். எனக்கு மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. அதோடு வருகிற தகட்டில் வைத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்ப வைத்தேன். “அறுநூத்திப் பத்து.” ஒரு சாண் தள்ளி, “முந்நூத்தி நாப்பது.” நன்றாகப் பார்த்து அளக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஐந்து இடத்துக்குப் பதில் ஒன்பது இடத்தில் அளந்தேன். ஒன்பதையும் உரக்கச் சொன்னேன்.

கணவர் கிட்டே வந்தார். “ஏனுங்கம்மா, அது என்னங்க அங்க மட்டும் அத்தன காட்டுது?”

நான் பதில் சொல்வதற்குள் கடைக்காரத் தம்பி முந்திக்கொண்டார். “அது ஒண்ணுமில்லீங்க சார். சில வண்டி கம்பெனியில இருந்து வாரப்பவே அப்படி வருமுங்க. லாரியில ஏத்தறப்ப எங்கியாச்சும் ஒரசியிருக்கும், அவங்களே டச்சப் பண்ணி அனுப்பிருவாங்க.”

அப்படி நடப்பது உண்டு. தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை. அவர் ஏன் அதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங்க தம்பி” என்றேன். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் அவர் பேச்சை நான் மறுத்தது அந்த ஒரு தடவைதான். “கம்பெனி டச்சப்னா இத்தன வராதுங்க. இது உள்ள பட்டி இருக்குதுங்க. கதவு நல்லா ஒடுங்கியிருக்கோணும். அதை எடுத்து, பட்டி பாத்து, மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நல்ல கைங்க. நெறம் அப்படியே கூடியிருக்குது. கண்ணுல பாத்தா யாராலயும் சொல்ல முடியாது. மீட்டருக்கு மட்டும்தானுங்க தெரியும்.”

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும், சரியாகச் சொன்னேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கணவர் கிளாஸைக் கீழே வைத்தார். கதவில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு தூணின் பக்கம் திரும்பினார்.

“எப்ப?”

“மாசியிலீங்க” என்றார் அந்த அம்மா. “ஹாஸ்டல் கேட்டுல திருப்பறப்ப.”

“எங்க அடிச்சே?”

“கோட்டைமேட்டுல ஒரு பாய்ங்க. ரெண்டு நாள்ல குடுத்தாரு.”

“அந்த ரெண்டு நாள் சர்வீசுக்கு உட்டிருக்குதுன்னு சொன்னியே.”

அந்த அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“ஞாயித்துக்கெழமையானா நானே ஒக்காந்து தொடைக்கறேன். இந்தக் கதவையும் தொடைச்சுட்டுத்தான இருந்திருக்கேன்?” என்று சொல்லிவிட்டுக் கணவர் எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். “நல்லாத்தான் அடிச்சிருக்காரு பாய். சாவியக் குடு.”

அந்த அம்மா கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அதில் சென்னிமலைக் கோயிலில் விற்கிற சின்ன வேல் ஒன்று மாட்டியிருந்தது. நகத்தால் வளையத்தைப் பிரித்து வேலை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறும் சாவியைக் கொடுத்தார். கணவர் அதைத் தம்பியிடம் நீட்டி, “வண்டியெடுக்க நானே வாரனுங்க” என்றார். ஆட்டோ வந்தது. பெட்ஷீட் கட்டுகளை இருவரும் சேர்ந்தே தூக்கி வைத்தார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் போனதும் மெஷின் அண்ணன் வாயைத் திறந்தார். “ஏனுங்க்கா, அந்தம்மா மூஞ்சியப் பாக்கவே இல்லீங்களா நீங்க?”

தம்பி டேப்பைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஒன்பது எண்ணையும் எழுதி அந்தக் கதவில் ஒட்டினேன். என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் இருந்தது.

மூன்று நாள் வேலை. அந்தக் கதவை மெஷின் அண்ணன் மெதுவாகத்தான் தேய்த்தார். கோட்டிங்கைத் துடைத்தது நான். வண்டி முழுவதும் ஒரே கண்ணாடியாக வந்தது. அந்தக் கதவில் குனிந்து பார்த்தால் என் முகம் மற்றக் கதவுகளில் தெரிகிற அளவுக்கே தெரிந்தது.

நாலாம் நாள் இருவரும் வந்தார்கள். கணவர் வண்டியைச் சுற்றிவந்து திருப்தியாகத் தலையாட்டினார். அந்த அம்மா நேராகப் போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். முதுகுத் தலையணை பின்சீட்டில் கிடந்தது. நான் துணியோடு அவர் கண்ணாடிப் பக்கம் போனேன். துடைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை அம்மா, புரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று. கிட்டே போனதும், “அம்மா, அன்னிக்கு...” என்றதோடு நின்றுவிட்டது.

“உங்க மேல என்னங்க தப்பு?” என்றார். “நீங்க உங்க சோலியப் பாத்தீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடி மேலே ஏறியது.

கோட்டிங் போட்ட வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தால் கழுவி, கோட்டிங் எப்படி நிற்கிறது என்று பார்த்துக் கொடுப்போம். ஐப்பசியில் அந்த வண்டி வந்தது. கணவர் மட்டும் வந்திருந்தார். உள்ளே சுத்தம் செய்ய நான்தான் ஏறினேன். வண்டிக்குள் உட்கார்ந்தால் அதை ஓட்டுவது யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். டிரைவர் சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. என் கால் பிரேக்கை எட்டவில்லை. தலையணை எங்கும் இல்லை. டிக்கியில் வேக்குவம் போட்டேன். ஒரு நூல்கூட வரவில்லை. சித்திரையில் அதே டிக்கியில் ஒரு கைப்பிடி நூல்பிசிறு எடுத்திருந்தேன்.

வெளியே வந்தபோது கணவர் முன் பம்பரின் மூலையைக் காட்டினார். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல்.

“பட்டறைத் தூணுல சித்த ஒரசிருச்சுங்க. போயிருமுங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“போயிருமுங்க” என்றேன்.

மெஷின் அண்ணன் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். கணவர் குனிந்து பார்த்துவிட்டு, “இருந்த எடமே தெரியிலீங்க” என்றார். எனக்குத் தைரியம் வந்தது. அல்லது அதுதான் தைரியம் என்று நினைத்தேன்.

“அம்மா வரலீங்களா?”

“இல்லீங்க. பெட்ஷீட்டெல்லாம் நிறுத்தியாச்சு. என்னத்துக்கு இந்த வயசுல அலைச்சல்னு.”

அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா நன்றாக ஓட்டுகிறவர், இரண்டு தூணுக்கு நடுவில் ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினார், இங்கே வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு அது வராது, உங்கள் பம்பரில் விழுந்தது போலத்தான் அவருக்கும் விழுந்தது என்று. எல்லாம் நெஞ்சில் வரிசையாக இருந்தது. அதை எனக்காகச் சொல்ல எந்த மீட்டரும் இல்லை. நானேதான் சொல்ல வேண்டும்.

“வண்டி நல்லா இருக்குதுங்க” என்றேன்.

“எல்லாம் உங்க கைதானுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். சிவப்பு வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பும்வரை அந்த இடது பின்கதவு வெயிலில் மின்னிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு கடை வந்துவிட்டதாகத் தம்பி சொன்னார். அந்த அம்மா கொடுத்த பெட்ஷீட் பீரோவில் இருக்கிறது. நீலத்தில் வெள்ளைக் கட்டம். விரிக்க மனம் வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனம் வரவில்லை. வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்ட வேலைக்கு அது அத்தாட்சியாக இருக்கிறது.

ஐப்பசியில் அந்த வண்டி வந்த அன்று சாயந்திரம், கணவர் போன பிறகு, தம்பியிடம் சொன்னேன். “இனிமே நான் சத்தமாச் சொல்ல மாட்டனுங்க தம்பி. எழுதி, அண்ணன் கையிலயே குடுத்தர்றேன்.”

“நானே சொல்லோணும்னு இருந்தேனுங்க்கா” என்றார்.

மறுநாள் மதுக்கரையிலிருந்து ஒரு சாம்பல் நிற வண்டி வந்தது. பதினோரு பாகத்தையும் அளந்தேன். எல்லாம் நூற்றுப் பத்தைச் சுற்றியே இருந்தன. ஒன்றையும் உரக்கச் சொல்லாமல், எழுதி அண்ணன் கையில் கொடுத்தேன்.